லெகாஸ்பியில் சாம்பல் விழுந்த நாட்கள்

எண்பதுகளில் நாங்கள் ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாமில் இருந்தோம். பக்கத்து வீட்டு ரோசா பிலிப்பைன்ஸ்காரி. அவளுடைய லெகாஸ்பி நகரம் மயோன் எரிமலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. மலை வெடித்ததாகச் செய்தி வந்தது. அங்கிருந்த தாயைப் பற்றித் தகவல் இல்லை. ரோசா தொலைபேசிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

மனம் கேட்காமல் மகளையும் கூட்டிக்கொண்டு திருநீற்றோடு போனேன். யார் நெற்றியிலும் நீறு பூச எனக்கு உரிமை உண்டு என்ற எண்ணம்.

"சாம்பல்தான் பிள்ளை, கடவுளின்ர சாம்பல்," என்று கையை நீட்டினேன். மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ரோசா சுவரோடு ஒதுங்கினாள்.

அவள் சொன்னதைக் கேட்டு மகள் என்னிடம் திரும்பினாள். "அம்மா, முந்தி அந்த மலை வெடிச்சு பக்கத்து ஊரே புதைஞ்சு போச்சாம். சேர்ச் கோபுரம் மட்டும்தான் மிச்சமாம். சாம்பல் எண்டாலே அவவுக்குப் பயம். கையை எடுங்கோ."

அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் பின்னேரம் ரோசா கதவைத் தட்டினாள். தாய் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறாளாம். அழுதபடியே என் புறங்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள். பெரியவர்களிடம் ஆசி கேட்பது அவர்கள் ஊரில் அப்படித்தானாம்.

மலை இன்னும் புகைகிறது என்றாள். அன்றிலிருந்து, கேட்காமல் யார் நெற்றிக்கும் என் கை போவதில்லை.