நாலு விரல் குறை

செமினியில் எங்களுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருந்தது. அதைத் தோட்டம் என்று சொல்லிவிட முடியாது. தோட்டம் என்றால் துரை, கங்காணி, கூலிகள் குடியிருக்கும் தகரக் கூரை லயம் எல்லாம் இருக்க வேண்டும். எங்களுடையதில் அட்டையும் கொசுவும்தான் இருந்தன. ஆனாலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் சொந்த மரம் வைத்திருந்தவர்கள் நாங்கள் மட்டுமே என்பதால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். குழாயடியில் யாராவது சண்டைக்கு வந்தால், "எங்களுக்கு மரம் இருக்கே!" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்காமலேயே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திட்டு வாங்குவேன். அந்த மரங்கள் என் அத்தையின் கழுத்திலும் காதிலும் கையிலும் இருந்திருக்க வேண்டியவை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவர்களுடைய அம்மா சாகும்போது மகளுக்கென்று விட்டுப்போன அட்டிகை, வளையல், தோடு எல்லாம் தகரப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடந்தன. ரப்பர் என்று சொன்னாலே ஊருக்குப் பித்துப் பிடித்த காலம் அது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியும் நிலம் வாங்கினார், கறிக்கடைக்காரரும் வாங்கினார். அப்பாவும் யோசித்தார். "பெட்டியில கிடக்கிற தங்கம் குட்டியா போடப்போவுது? மரமா நட்டா வளரும்" என்றார். மரம் பால் கொடுக்க ஆறேழு வருஷம் பிடிக்கும், அதற்குள் தங்கைக்கும் கல்யாண வயது வரும், போட்ட நகையை இரட்டிப்பாகச் செய்து போடலாம் என்பது அவர் கணக்கு. அத்தைக்கு அப்போது தாவணி போட்டே அதிக நாள் ஆகவில்லை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தோட்டையும் கழற்றிக் கொடுத்தாளாம்.

அப்பா ரயில்வேயில் கைகாட்டி இறக்குகிற வேலையில் இருந்தார். லைன் கிளியர் கிடைக்காமல் கவர்னரே வந்தாலும் வண்டியை விடமாட்டார் என்று அவருக்கு ஒரு பெயர். வேலையில் அது நல்ல குணம்தான். வீட்டிலும் அப்படியே இருந்தார். கத்தரிக்காய் வாங்கக்கூட பாசாரை மூன்று சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் சொத்தையாக மிஞ்சியதைக் கொண்டுவந்து அம்மாவிடம் பேச்சு கேட்பார்.

இளமரத்தைப் பாலுக்காகச் சீவினால் பட்டுப்போகும், நெஞ்சு உயரத்தில் இன்ன சுற்றளவு வந்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும் என்று ஒரு கங்காணி அப்பாவுக்குச் சொல்லியிருந்தார். அந்த அளவுக்கு அப்பா ஒரு சணல் நூலை வெட்டி அத்தையிடம் கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு முறை அவருக்கு லீவு கிடைக்கும்போது ரயில்வே பாஸில் காஜாங் வரை போவோம். அங்கிருந்து மாட்டு வண்டி. அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்து நூலைச் சுற்றுவாள். நூலின் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் மரம் தயார். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நூல் மிஞ்சினால் மரம் அவ்வளவு குறை. நான் என் விரல்களை அந்த மிச்ச நூலில் வைத்து எண்ணிச் சொல்வேன். முதல் தடவை என் இரண்டு கையும் போதவில்லை.

அத்தைக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை பேசி, வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். டாக்டர் சொல்லிவிட்டுப் போனபின் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்க் காய்ச்சல்காரர்களைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. மருந்துப் பெட்டி வாங்கக் கோலாலம்பூர் வரும்போதெல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கமாக நடந்து போவார். அந்த வழி ஸ்டேஷனுக்குச் சுற்றுவழி என்பதை நான் பெரியவளான பிறகுதான் யோசித்தேன். என்னைக் கண்டால் நின்று, சட்டைப்பையிலிருந்து பார்லி மிட்டாய் எடுத்துத் தருவார்.

"மரம் எப்படி இருக்கு பாப்பா?"

"இன்னும் நாலே விரல் மாமா!"

"அட, நாலு விரல்தானா!" என்று எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஜன்னலுக்குப் பின்னால் அத்தையின் கண்ணாடி வளையல் சத்தம் நின்றுபோகும். என்மேல்தான் அவருக்கு உயிர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கிறவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நான் ஒரு தபால்பெட்டி என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வருஷம் செமினிக்குப் போவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து அத்தையின் நூலை நீட்டி வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு புது நூலை வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். "பழசு இத்துப்போச்சு" என்றார். புது நூல் பழையதைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருந்தது. கேட்டேன். "முடிச்சுப் போட மிச்சம் வேணாமா?" என்று சொல்லிவிட்டுப் பழைய நூலை அடுப்பில் போட்டார். புது நூலில் அவர் முடிச்சு ஒன்றும் போடவில்லை.

அப்போது ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. கப்பல் இல்லாமல் ரப்பர் துறைமுகத்தில் தேங்கி நிற்கிறது, சண்டை முடிந்தால் விலை பிய்த்துக்கொண்டு ஏறும் என்று காப்பிக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வந்து அப்பா சொல்வார். பக்கத்து நிலத்துச் சீன முதலாளியான தவுக்கே எங்கள் மூன்று ஏக்கரையும் அப்படியே வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அதில் பழைய நகையைத் தாராளமாகச் செய்திருக்கலாம். "இப்ப குடுக்கிறவன் முட்டாள்" என்றார் அப்பா. அம்மா, "ஏங்க, பொண்ணுக்கும் வயசு ஏறுதுல்ல?" என்று கேட்டபோது தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.

செமினிக்குப் போனோம். மரங்கள் எனக்கே அடையாளம் தெரியாமல் தடித்திருந்தன. அத்தை நூலைச் சுற்றினாள். நான் விரலை வைத்தேன். நாலு.

"போன வருஷமும் நாலுதானே அத்தை?" என்றேன்.

அத்தை மரத்தை விடாமல் கன்னத்தைப் பட்டையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். முந்தின வருஷம் அந்த மரத்தை அவள் கட்டிப்பிடித்தபோது கை விரல்கள் பின்பக்கம் எவ்வளவு கோத்துக்கொண்டன என்பது அவளுக்குத் தெரியாதா? அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மரமும் வளருது, நூலும் வளருது கண்ணு."

அப்பா தலையை நிமிர்த்தி மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அத்தை சொன்னது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வண்டியில் வரும்போதெல்லாம் அதையே பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்த தடவை டிரெஸ்ஸர் மாமா மிட்டாயோடு நின்றபோது அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அத்தையா சொன்னாங்க?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு, மிட்டாயை முழுப் பொட்டலமாக என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "நகை அப்புறமா செஞ்சுக்கலாம், மச்சான். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். வர்ற தை மாசமே வச்சுக்கலாம்" என்றார். இவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்டுப் பொண்ணு மூளிக் கழுத்தோட வந்து உங்க அம்மாகிட்ட பேச்சு கேக்கணுமா? சண்டை முடியட்டும் மாப்பிள்ளை. ராணி மாதிரி அனுப்புறேன்."

மூளிக் கழுத்தாக ஆக்கியது யார் என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை. அத்தை அடுப்படியில் இருந்தாள். காப்பியை என் கையில்தான் கொடுத்தனுப்பினாள். அவர் அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, தம்ளரைக் கீழே வைக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அத்தை அந்தத் தம்ளரை உடனே கழுவவில்லை.

மழைக்காலத்தில் அந்த விஷக் காய்ச்சல் வந்தது. காலையில் இருமினவர் மறுநாள் இல்லை என்றார்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அம்மா எங்கள் கழுத்தில் கற்பூரத்தைத் துணியில் முடிந்து கட்டினாள். குழாயடிக்குப் போகக் கூடாது, யார் வீட்டுக்கும் போகக் கூடாது. எஸ்டேட்டுகளில் லயம் லயமாகப் படுத்துவிட்டார்கள், தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்று ரயிலில் வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். டிரெஸ்ஸர் மாமா கிள்ளானை அடுத்த காப்பார் பக்கத்து எஸ்டேட்டுகளிலேயே தங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கிள்ளான் வண்டி ஊதும் நேரத்துக்கு அவளுக்குப் பின்பக்கத்தில் ஏதாவது வேலை இருக்கும்.

கிள்ளான் வண்டி கார்டுதான் அப்பாவிடம் சொன்னார். அப்பா டியூட்டி முடியும் முன்னாலேயே வீட்டுக்கு வந்தார். அப்படி அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம டிரெஸ்ஸர் போயிட்டாராம்" என்றார்.

அத்தை அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் அரைத்தாள். அரைத்துக்கொண்டே இருந்தாள். அம்மா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னது எனக்குக் கேட்டது. "சத்தம் போட்டு அழாதம்மா. வெளியில தெரிஞ்சா நாளைக்கு வேற இடம் அமையாது."

தாலி கட்டியிருந்தால் தலைவிரித்து அழுதிருக்கலாம். ஊரே வந்து கூட உட்கார்ந்திருக்கும். அத்தைக்கு அதுவும் இல்லை. ஒரு தலைமுழுக்குக் கூட இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது மிளகாய்க் காரம் என்று என்னிடம் சொன்னாள். நான் நம்பி, தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு மிட்டாய் மாமா போய்விட்டாரே என்று அழுகை வந்தது. என்னை யாரும் தடுக்கவில்லை, நான் வீடு நிறைய அழுதேன். அத்தை என்னை மடியில் போட்டுக்கொண்டு, "அழு கண்ணு, நல்லா அழு" என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு சண்டை முடிந்தது. அப்பா சொன்னபடியே ரப்பர் விலை ஏறியது. அவர் கணக்கில் ஒன்றும் பிசகில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். செமினிக்கு எங்களைக் கூப்பிடாமல் தனியாகப் போய், மூன்று ஏக்கரையும் அதே தவுக்கேயிடம் நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் விலை தலைகுப்புற விழுந்து, வாங்கின தவுக்கே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். ஏறும்போது விற்ற கெட்டிக்காரர் என்று குவார்ட்டர்ஸ் முழுக்க அப்பாவுக்குப் பெயர். யாராவது வந்து யோசனை கேட்டால் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

விற்ற பணத்தில் அப்பா நகை செய்து கொண்டுவந்தார். பழைய அட்டிகையைப் போல இரண்டு மடங்கு கனம், நடுவில் சிவப்புக் கல். அத்தை முன்னால் துணியைப் பிரித்து வைத்துவிட்டு நின்றார்.

அத்தை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்கண்ணே" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அப்பா பிழைத்துப் போயிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு என்னைக் கூப்பிட்டு, காய்ச்சல் நாளில் கற்பூர முடிச்சு கட்டியிருந்த என் கழுத்தில் அந்த அட்டிகையை வைத்துக் கட்டினாள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குழாயடி வரைக்கும் ஓடினேன். "அத்தைக்கு வேணாமாம், எனக்குத்தானாம்!" என்று எல்லோரிடமும் காட்டினேன். அம்மா துரத்திக்கொண்டு வந்து, முதுகில் ஒன்று வைத்து இழுத்துப்போனாள். அடித்த அம்மாவே ஏன் அழுதாள் என்று தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அடி வாங்கின கோபம் எனக்குத் தீரவில்லை. "உனக்கு ஏன் அத்தை இது வேணாம்?" என்று கேட்டேன்.

"எனக்கு அளவு சரியா வராது கண்ணு."

இதற்குப் போய் இவ்வளவு ரகளையா என்று எனக்கு ஆச்சரியம். அட்டிகையின் பின்பக்கத்துக் கயிற்றை இழுத்து அவளுக்குக் காட்டினேன். "இங்க பாரு, கயிறுதானே? எவ்வளவு வேணும்னாலும் நீட்டிக்கலாம். அப்பாகிட்ட சொன்னா நீட்டிக் குடுப்பாரு."

அத்தையின் கை என் பின்னலில் அப்படியே நின்றுவிட்டது. அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டு எழுந்து, கழுவாமலே வெளியே போனார். நல்ல யோசனைதானே சொன்னேன், அதற்கு ஏன் அப்பா எழுந்து போனார் என்று நான் அத்தையையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.