பின்பக்கம் தாழாத வண்டி

மாமாவின் அம்பாசிடர் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது எல்லோரும் பார்த்தது அதன் பின்பக்கத்தைத்தான். அறந்தாங்கியில் என் அப்பா வீட்டுத் தெருவில் அது ஒரு பழக்கம். பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் கொண்டு வரும் வண்டி எவ்வளவு தாழ்ந்து வருகிறதோ, அவ்வளவு கனம் உள்ளே இருக்கிறது என்று கணக்கு. அரிசி மூட்டை, வாழைத்தார், வெல்லம், பித்தளைப் பானை, மேலே கரும்புக் கட்டு என்று எல்லாம் ஏறினால் பின்சக்கரம் மட்கார்டுக்குள் புதைந்துவிடும், புகைக்குழாய் தெருமுனை மேட்டில் உரசும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மாவின் நடையே மாறிவிடும். அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, வாசலில் நின்று கண்ணாலேயே எடை போட்டுவிடுவார். கடைத் தராசு தோற்றுவிடும்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கீரனூர்ப் பக்கம் கடலை பயிரிட்டவர். மற்ற நாட்களில் அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், வண்டிக்குத் தீனி போடவே வருமானம் காணவில்லை என்பார்.

மழை பொய்த்த ஒரு வருஷம் வண்டி நிமிர்ந்து வந்தது. பெரிய அத்தை இருந்த இடத்திலிருந்தே, "வண்டி துள்ளிக்கிட்டுல்ல வருது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுப்படிக்குள் போன அம்மா, மாமா கிளம்பும்வரை வெளியே வரவில்லை. மாமா பேருக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம். காய்ந்த காட்டில் கிடைத்த கடலையை விற்றுத் தங்கைக்கு ஒரு சேலை எடுத்து வந்திருக்கிறார் ஒரு மனிதர். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், சக்கரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு இவர்கள் யார்?

அடுத்த பொங்கலுக்குள் மாமா ஒரு காரியம் செய்தார். புதுக்கோட்டையில் லாரி வேலை பார்க்கும் பட்டறைக்குப் போய், வண்டியின் பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகளை மாற்றச் சொன்னார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அந்த இரும்புப் பட்டைகள்தான் பாரத்தைத் தாங்குகிறவை. தடித்த பட்டை போட்டால் எத்தனை மூட்டை ஏற்றினாலும் இறங்காது, ஆனால் உள்ளே உட்காருகிறவர் பாடு திண்டாட்டம் என்று பட்டறைக்காரர் எச்சரித்தாராம். மாமா கேட்கவில்லை. அன்று முதல் அந்த வண்டி நிறைய ஏற்றினாலும் ஒரே மட்டம், காலியாக வந்தாலும் அதே மட்டம். குடுமியான்மலை போய்ச் சேருவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். மாட்டு வண்டியே தேவலை என்று ஊர் கேலி பேசியது, வாடகையும் குறைந்தது. மழை கொட்டி, கடலை நன்றாக விளைந்த வருஷங்களிலும் அவர் பழைய பட்டைக்குத் திரும்பவில்லை. எதற்கு இந்த வீம்பு என்று அம்மாவே ஒருமுறை கேட்டார்.

"என்ன கொண்டாந்தேன்னு ஒனக்குத் தெரிஞ்சாப் போதும் தாயி. தெருவுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார் மாமா.

அவர் காலமான பிறகு வண்டி எனக்கு வந்தது. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை இந்த வருஷம்தான் பட்டறையில் விட்டேன். காரணம் இருந்தது. என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். எனக்கு உடன்பிறந்தவன் கிடையாது. தாய்மாமன் இல்லாமல் யார் சீர் கொண்டு வருவது, யார் மடியில் பிள்ளையை உட்கார வைப்பது என்று புகுந்த வீட்டில் ஆளாளுக்குப் பேசினார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறையில் யாரையாவது பிடித்து, பெயருக்கு நிறுத்தச் சொன்னார் மாமியார். என் மகளின் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருவரின் மடியில் அவளை உட்கார வைக்க எனக்கு மனமில்லை. மாமா வண்டியை நானே ஓட்டி வருகிறேன், சீரும் நானே கொண்டு வருகிறேன் என்றேன். அவர்கள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள்.

எஞ்சின் வேலை முடிந்து, வண்ணமும் பூசியாகிவிட்டது. பின்பக்கம்தான் பாக்கி. பட்டைக்குப் பதில் சுருளான காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக் தம்பி. மெத்தென்று ஓடுமாம், பின்பக்கம் பதிந்து அழகாக நிற்குமாம், கல்யாணப் போட்டோவுக்கு வாடகைக்கு விடலாமாம். குவைத்திலிருந்து என் கணவரும் போனில் அதையே சொன்னார். அது வேண்டாமென்றால் காற்றுப் பை வைக்கலாம், பொத்தானை அழுத்தினால் வண்டி தானாக ஏறும், இறங்கும் என்றார் மெக்கானிக். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா காலத்தில் இது இருந்திருந்தால் காலி வண்டியைத் தாழ்த்தி ஓட்டி வந்து பெரிய அத்தையின் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கலாமே! ஆனால் மாமா அதைச் செய்திருக்க மாட்டார். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது பொய். அவர் பொய் சொல்லவில்லை, அடுத்தவர் எட்டிப் பார்க்காமல் கதவைச் சாத்தினார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

தடித்த பட்டையே போடுங்கள், புதிதாக வளைத்துப் போடுங்கள் என்றேன்.

"அக்கா, பின்னாடி உக்காந்தா இடுப்பு போயிரும்க்கா."

போனால் போகட்டும் என்றேன்.

காதுகுத்தன்று அம்மா பின்சீட்டில் இடுப்பைப் பிடித்தபடி வந்தார். குலதெய்வம் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியதும், நின்றிருந்த உறவினர் கண்ணெல்லாம் பின்சக்கரத்துக்குப் போனது, இங்கேயும் அதே பழக்கம்தான். யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. சீர்த் தட்டுகளை நானும் அம்மாவுமே இறக்கி வைத்தோம். பந்தலுக்குள் ஆசாரி மணையைக் காட்டி, தாய்மாமனை வந்து உட்காரச் சொன்னார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு போய் மணையில் உட்கார்ந்தேன். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மாமன் எங்கம்மா?" என்றார் ஆசாரி.

"நாந்தான். குத்துங்க."

அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார். மகள் வீறிட்டு அழுதாள். ஆட விடாமல் அவள் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.