காய்ச்சலுக்கு அடைத்த வேலி

போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவோடு நான் சண்டை பிடித்துவிட்டேனாம்!

எனக்கே தெரியாது. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. கோயில் கிணற்றடியில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "என்ன, காணிப் பிரச்சினையோ?" என்று மெல்லக் கேட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

புதுக் காய்ச்சல் ஒன்று வருகிறது என்று றேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. முதலில் சிங்கப்பூரில் என்றார்கள். பிறகு கொழும்பில் என்றார்கள். கொழும்புக்கு வந்தது எங்கள் அனலைதீவுக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கும்? எனக்கோ இரண்டு பெண் பிள்ளைகள். மனைவிக்கு மாரிக்காலம் வந்தாலே நெஞ்சுச் சளி. இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பிள்ளையாரே, பிள்ளையாரே என்று வீட்டு வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயாவைக் கண்டு கேட்டேன். "வீட்டை ஆயத்தமா வைச்சிரும். தேவையானதை வாங்கி வையும். சனத்துக்குள்ள புழங்காதையும்" என்றார்.

எட்டாம் வகுப்போடு நின்ற என் புத்தி என்ன செய்தது தெரியுமா? தேவையானதை வாங்குவதற்காகச் சந்தைச் சனத்துக்குள் நாள் முழுக்கப் புழங்கியது! அரிசி, மல்லி, வேர்க்கொம்பு, பனங்கட்டி, மண்ணெண்ணெய், காய்ச்சல் குளிசை... எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, ஆள்மேல் ஆளாக நெரிந்த மோட்டார் வள்ளத்தில் வந்து இறங்கினேன். பின்னால் இருந்தவர் என் பிடரியில் இருமிக்கொண்டே வந்தார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மனைவி மூட்டைகளைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, இது காய்ச்சலுக்கோ, கலியாண வீட்டுக்கோ?"

பதில் சொல்ல வாய் திறந்தேன் — வேலிக்கு அப்பால் தும்மல் கேட்டது. ஒன்றல்ல, அடுக்கடுக்காக. பிறகு இருமல்.

வேலிக்கு அப்பால் இருப்பவர் நாகம்மா அக்கா. புருஷன் தெற்கே கடை வைத்திருக்கிறார். அக்கா இங்கே தனியே. இரண்டு வளவுக்கும் நடுவில் பனையோலை வேலி. அதில் ஒரு பொட்டு — ஆள் குனிந்து போய்வருகிற சின்ன வழி. எங்கள் கிணறு உவர். குடிதண்ணீர் அக்காவின் கிணற்றில்தான். அந்தப் பொட்டு வழியாகத்தான் குடம் போகும், வரும். கறிக் கிண்ணமும் பிள்ளைகளும் ஊர்ப் புதினமும் அதே வழிதான்.

தும்மல் கேட்ட வேகத்தில் பனங் கருக்குமட்டைகளை இழுத்து வந்து, பொட்டை இறுக்கி அடைத்துக் கட்டினேன்.

மனைவி ஓடி வந்தாள். "என்ன வேலை செய்தனீங்கள்? பொட்டு அடைச்சால் என்ன அர்த்தம்?"

"காய்ச்சல் வராது எண்டு அர்த்தம்."

"கோவம் எண்டு அர்த்தம்! இப்பவே போய் அக்காவுக்குச் சொல்லுங்கோ."

அவள் சொன்னது சரி. எல்லைச் சண்டை, சம்பந்தம் குழம்பியது — அப்படி ஏதும் வந்தால்தான் எங்கள் பக்கத்தில் பொட்டு அடைப்பார்கள். அடைத்துவிட்டால் மற்றப் பக்கமும் பேசாது. அடைத்தவன்தான் முதலில் வாய் திறக்க வேண்டும்.

திறக்கத்தான் இருந்தேன். ஆனால் கிட்டப் போனால் காய்ச்சல் ஒட்டிவிடுமே! நாளைக்குச் சொல்லுவோம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் அவர் பக்கத்திலும் முள் வைத்து அடைத்துக் கிடந்தது. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கிணற்றுக்கு நடந்தேன். அங்கேதான் அந்தக் காணிப் பிரச்சினைக் கேள்வி!

பிறகு என்ன? காய்ச்சல் வந்தது. எனக்கு லேசாக. மனைவிக்குப் பலமாக.

குளிசை இருந்தது. மல்லி இருந்தது. குடத்தில் நல்ல தண்ணீர் இல்லை. கோயில்வரை நடக்க என் காலில் சீவன் இல்லை. பிள்ளைகளை அனுப்ப மனம் இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே மல்லி அவித்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்து ஓங்காளித்தாள். "உவர்க்குது... ஏலாது" என்று முகத்தைத் திருப்பினாள். அதற்குப் பிறகு வாய் திறக்கவே இல்லை. உதடு வெடித்தது. கண் செருகியது.

வீடு நிறையச் சாமான். நாக்கை நனைக்கத் துளி நல்ல தண்ணீர் இல்லை. இதுதானா நான் செய்த ஆயத்தம்?

திருநீற்றை அள்ளி அவள் நெற்றியில் பூசிவிட்டு வேலியடிக்குப் போனேன்.

"அக்கா!"

இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

"நாகம்மா அக்கா!"

"ஆர்? வேலி அடைச்ச துரையோ?"

"கோவத்திலை அடைக்கேல்லை அக்கா. நீங்கள் தும்மினீங்கள்... காய்ச்சலாக்கும் எண்டு..."

"மிளகாய் இடிச்சால் தும்மாமல் தேவாரமே படிக்கிறது? உங்களுக்கும் சேர்த்தெல்லோ இடிச்சனான்! வருத்தம் வருகுதாம், பிள்ளையளுக்குத் தூளாவது கிடக்கட்டும் எண்டு!"

என் தலை வேலியைவிடக் கீழே போனது.

"அக்கா... அவவுக்கு நெருப்பாக் காயுது. குடிக்கத் தண்ணி வேணும்."

ஏச்சு நின்றது. முள் பிடுங்கும் சத்தம். என் கருக்குமட்டைகளும் பறந்தன. செம்போடு குனிந்து வந்தார்.

"கிட்ட வராதேங்கோ அக்கா! வைச்சிட்டுப் போங்கோ. இப்ப மெய்யாவே வருத்தம் கிடக்கு!"

"விலத்தும் தம்பி."

விலத்தினேன். மனைவியின் தலையை மடியில் வைத்து, கரண்டி கரண்டியாக ஊற்றினார். அவள் விழுங்கினாள். மறுநாள் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது.

இறங்கியது, அக்காவுக்கு ஏறியது.

யாரிடமிருந்து வரும் என்று அடைத்தேனோ, அவருக்கு என் வீட்டிலிருந்து போயிற்று. அப்போதிக்கரி ஐயா வந்து பார்த்துவிட்டு, "கஞ்சித் தண்ணி குடுத்துக்கொண்டிரும். பாப்பம்" என்றார். அதென்ன பாப்பம்? அந்த ஒரு சொல் என்னை இருக்க விடவில்லை. போய்ப் பார்க்கிறேன். வந்து சின்னவளின் நெற்றியைத் தொடுகிறேன். மறுபடி போகிறேன். ஊரையே ஏசுகிற அந்த வாய் முனகக்கூட இல்லாமல் கிடந்தது. பிள்ளையாரிடம் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான் — தனியாக இருக்கிற சீவன், எடுத்துவிடாதே.

காய்ச்சலுக்கு என்ன வாங்கி வைப்பது என்று கேட்கிறீர்களா? அரிசியும் மல்லியும் வாங்குங்கள். அதற்கு முன் அடுத்த வீட்டுக்குப் போய், நாங்கள் விழுந்தால் தண்ணீர் யார், நீங்கள் விழுந்தால் கஞ்சி யார் என்று பேசி வையுங்கள். வேலியடியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கலாம், குற்றமில்லை. வைக்க ஒரு பொட்டு வேண்டுமே!

இன்று காலை நானே கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். அக்கா ஒரு வாய் குடித்தார். மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, இதைக் குடிச்சால் காய்ச்சல் ஓடாது. நான்தான் ஓடவேணும்."

அப்பாடா... ஏசத் தொடங்கிவிட்டார்!