நெஞ்சில் ஒரு பெட்டியோடு மலை சுற்றியது

"அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறோம். கிரிவலம் போக ஆசைப்படுகிறார். அழைத்துப் போகலாமா?" என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. 1985 தை மாதம் நானும் என் மனைவி சரோஜாவும் போய்வந்த கதையைச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. மெட்ராஸில் பம்பு செட் விற்கும் கடையில் வேலை. இதயத் துடிப்பு திடீரென்று குறைந்து கடையிலேயே மயங்கி விழுந்தேன். வேலூரில் ஒரு மருத்துவமனையில், தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். நிமிடத்துக்கு எழுபது துடிப்பு. குறையாது, கூடவும் செய்யாது. மெதுவாக நடக்கலாம், ஓடக்கூடாது என்றார் டாக்டர்.

ஆனால் அதற்குப் பிறகு ஐந்து மாதமாக நான் தெருமுனைகூடத் தாண்டவில்லை. உத்தரவாதத்தோடு நாங்கள் விற்ற மோட்டார்கள் ஐந்தாம் மாதமே கடைக்குத் திரும்பி வருவதைப் பார்த்தவன் நான். இந்தப் பெட்டி மட்டும் நிற்காது என்று எப்படி நம்புவது? முன்பின் தெரியாத டிரைவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறித் தூங்குகிறவன்தான். எனக்குள் இருப்பதை மட்டும் நம்ப முடியவில்லை.

வேண்டுதல் சரோஜாவுடையது. "நடக்க வேணாம். ஜட்காவுல உக்காந்தே சுத்திடலாம்" என்று சம்மதிக்க வைத்தாள். பாரிமுனையில் பஸ் ஏறி, திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறக்குறைய 190 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். சன்னதித் தெரு லாட்ஜில் தங்கினோம். பௌர்ணமி இல்லாத நாளாகத்தான் பார்த்து வந்திருந்தோம்.

காலை ஆறு மணிக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே ஜட்கா பிடித்தோம். பதினைந்து ரூபாய். வண்டிக்காரர் பாஷா, பேச்சுப் பிரியர். சரோஜா விஷயத்தைச் சொன்னதும் குதிரையை விட்டுவிட்டு என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள மிஷினா? டிக் டிக்னு சத்தம் கேக்குமா சார்?"

"கேக்காதுங்க."

"அப்ப ஓடுதுன்னு எப்டி தெரியும்?"

எனக்கும் அதுதான் பிரச்சினை.

அடி அண்ணாமலை தாண்டியதும் குதிரை நொண்டியது. பாஷா இறங்கிக் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். "லாடம் கழண்டுட்ச்சி சார். ஆளுங்கள வச்சி இதுக்கு மேல இழுக்காது. துட்டு பாதி குடுங்க போதும்." மொத்தச் சுற்று பதினான்கு கிலோமீட்டர். சரியாகப் பாதியில் நின்றோம். முன்னால் போனாலும் ஏழு, பின்னால் போனாலும் ஏழு. இன்றுபோல அன்று அந்தச் சாலையில் கடையோ ஆட்டோவோ கிடையாது. புளியமரங்களும் காட்டுச்செடிகளும்தான்.

நடந்தோம். வாயு லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டி நின்றுவிட்டது, அவ்வளவுதான் என்று தோன்றியது. நாடியைத் தேடும் என் விரல்களே நடுங்கியதால் எதுவும் பிடிபடவில்லை. சரோஜா என் மணிக்கட்டை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு என் விரல்களைத் தன் மணிக்கட்டில் வைத்தாள்.

"என்னுது பாருங்க."

அது தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப உங்களுது."

என் கையை அவளே பிடித்து என் நாடியில் வைத்தாள். ஒன்று. ஒன்று. ஒன்று. அவசரமே இல்லை.

"பயமா இருக்கா?" என்றாள்.

"உயிர் போவுது சரோஜா."

"அதுக்கு பயமே இல்லைங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் பதறுகிறேன், வியர்க்கிறேன். எனக்குள் இருக்கும் ஒன்றுக்கு அது எதுவுமே தெரியவில்லை. பார்த்தறியாத யாரோ எங்கோ உட்கார்ந்து செய்த பெட்டி, நான் நம்பாத ஐந்து மாதமும் என்னிடம் கோபித்துக்கொள்ளாமல் என்னை நடத்தியிருக்கிறது. தலை நிமிர்ந்தேன். இளவெயிலில் மலை முழுசாகத் தெரிந்தது. அதைப் பார்த்து அழுதேனா, பெட்டியை நினைத்து அழுதேனா, இன்றுவரை தெரியாது.

மீதி தூரத்தை நிதானமாக, உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தோம். பதினொன்றரைக்குக் கோபுர வாசல். கோவிலுக்குள் சரோஜா வெகுநேரம் கும்பிட்டாள். நான் சும்மா நின்றேன்.

மத்தியான பஸ்ஸில் செஞ்சி வருவதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் திறந்த, அடித்துப்போட்ட தூக்கம். திண்டிவனத்தில் பஸ் நின்றபோது விழித்தவளிடம், "ராத்திரி தூங்கலையா?" என்றேன்.

"அஞ்சு மாசமா தூங்கலைங்க. நீங்க கண்ணசந்ததும் நெஞ்சு மேல கை வச்சிக்கினு பாத்துக்கினே இருப்பேன்."

சொல்லிவிட்டு மறுபடி தூங்கினாள். மெட்ராஸ் வரை நான் தோளை அசைக்கவில்லை.

இப்போது எனக்குள் இருப்பது நான்காவது பெட்டி. இந்தக் காலத்துப் பெட்டிகள் பல, நடந்தால் தாமே துடிப்பைக் கூட்டுகின்றனவாம். இருந்தாலும் முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். பௌர்ணமிக் கூட்டம் வேண்டாம். விடியலில் கிளம்புங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பேஸ்மேக்கர் அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். வேகத்தை அப்பா முடிவு செய்யட்டும். நீங்களும் கட்டாயம் கூடப் போங்கள். அவர் நடந்துவிடுவார். அவரையே பார்த்துக்கொண்டு வரும் உங்களுக்குத்தான் வழியில் அடிக்கடி உட்கார வேண்டியிருக்கும்.