இருபதில் பதினொன்று

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் புழு அக்கா. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவ வந்தவள், கழுவிக்கொண்டே வேலையைக் கவனித்துக் கற்றுக்கொண்டாள். இப்போது ஆட்டுக் குடலிலிருந்து எடுத்த புழுக்களைத் தட்டுக்கு இருபதாகப் பிரித்து, இலைச் சாற்றில் விட்டு, செத்தது எத்தனை, பிழைத்தது எத்தனை என்று எண்ணி எழுதுவதே அவள் பிழைப்பு. எலக்ட்ரீஷியனான அவள் கணவருக்கு அதில் ஒரே ஒரு வருத்தம்தான். "சாப்பிட உக்காரும்போது மட்டும் உன் வேலைக் கதையை எடுக்காத தாயே!" என்பார்.

மூன்று வாரமாக அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலியோரம் வளரும் ஒரு கசப்பு இலையின் சாறு புழுக்களைத் தட்டுத் தட்டாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. ஊசி முனையால் தொட்டுப் பார்ப்பாள். அசையாவிட்டால் 'இறந்தது' என்று குறித்துக் கையெழுத்துப் போடுவாள். அதை வைத்து, குடற்புழுவுக்கு மருந்து தேடும் அந்தப் பிரிவின் டாக்டர் கட்டுரையும் எழுதி முடித்துவிட்டார். அன்று சாயங்காலம் அதைப் பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தார்.

காலையில், இருபதும் இறந்ததாக எண்ணி முடித்த தட்டை அலசும்போது, வழக்கமான குழாய்த் தண்ணீருக்குப் பதிலாகப் பக்கத்தில் மிச்சமிருந்த வெதுவெதுப்பான உப்பு நீரை ஊற்றினாள். அதற்குள் யாரோ கூப்பிட, தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அரைமணி கழித்து வந்து பார்த்தால் ஒரு புழு நெளிகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். இன்னொன்றும் நெளிந்தது. எண்ணிப் பார்த்தாள். இருபதில் பதினொன்று.

இதுவரை செத்ததாக எழுதியவையும் இப்படித்தானோ? மூன்று வாரத் தட்டுகளையும் கொட்டியாகிவிட்டது. சொன்னால் பழையபடி பாத்திரம் கழுவத்தான் அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

அன்றைக்கென்று பார்த்து மாடியில் இருக்கும் இதயப் பிரிவிலிருந்து அவளைக் கூப்பிட ஆள் வந்துவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்களில் யாருக்கு, எதனால், பின்னாளில் இதய நோய் வருகிறது என்று அங்கே ஆராய்கிறார்கள். அதில் சேர்ந்திருக்கும் அவளுக்கு மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பார்ப்பவன் அவளைவிடப் பத்து வயது இளையவன்.

"அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்கக்கா. கால் மேல கால் போடாதீங்க."

"உன்னை விட்டா மூச்சே விடாதேம்ப."

"பேசாதீங்க, பேசினா ஏறும்."

கையில் சுற்றிய பட்டை இறுகித் தளர்ந்தது. அவன் புருவத்தைத் தூக்கினான்.

"என்னக்கா இது? ஏழு வருஷமா நூத்தி இருபதைத் தாண்டாத ஆளு, இன்னிக்கு நூத்தி நாப்பத்தெட்டு! மாமாகூட சண்டையா?"

"சண்டை போட்டா அவருக்குத்தான் ஏறும். செத்த புழு எழுந்திருச்சுடா தம்பி."

சிரிக்க ஆரம்பித்தவனுக்கு முழுக் கதையையும் சொன்னாள்.

"இந்த நம்பரை எழுதாத. நாளைக்கு வரேன், அப்ப எடுத்துக்க" என்றாள்.

"நல்லா இருக்கே கதை! இப்ப மூணு தடவை எடுப்பேன், மூணையும் எழுதுவேன். பிடிச்ச நம்பரை மட்டும் எழுதறதுக்கு மிஷின் எதுக்கு, நான் எதுக்கு?"

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. மூன்றையும் எடுக்கவிட்டு, கீழே வந்து தட்டைக் கையில் ஏந்தியபடி நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

"சார், இதுங்க சாகல."

டாக்டர் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?"

"தெரியாது சார். ஊசியால தொட்டதும் அசையலேன்னு செத்த கணக்குல சேத்துட்டேன். வெதுவெதுப்புல வெச்சுப் பாக்கல. எல்லாத் தாள்லயும் என் கையெழுத்துதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா? நான்தானே சொல்லியிருக்கணும். வெதுவெதுப்பான நீர்ல விட்டுப் பாத்துட்டுத்தான் செத்துச்சுன்னு முடிவு பண்ணணும்னு நான் படிச்சிருக்கேன். படிச்சவனே மறந்துட்டேன். இன்னிக்கு இதை அனுப்பியிருந்தா எவனாவது ஒருத்தன் வெந்நீர் ஊத்திப் பாத்து நம்ம மானத்தை வாங்கியிருப்பான்."

"அப்ப இலை வீண்தானா சார்?"

"யார் சொன்னது? மயங்கின புழுவால குடலைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாது. குடலே வெளிய தள்ளிடலாம். கொல்லுதுன்னு எழுதினதுதான் தப்பு. எத்தனை மயங்குது, எத்தனை சாகுதுன்னு பிரிச்சுப் பாக்கணும். எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்யணும்."

"எத்தனை தட்டு?"

"அறுபது."

"அறுபதா!" என்று வாயைப் பிளந்தாள். பிறகு மெதுவாக, "என்னைப் பாத்திரம் கழுவ அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன் சார்" என்றாள்.

"அனுப்பிட்டு, இதுங்களோட நான் மல்லுக்கட்டவா? போங்க, வேலையப் பாருங்க."

அவள் புதுத் தாளில் 'உயிருள்ளது', 'இறந்தது' என்ற இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு போட்டு, 'மயங்கி எழுந்தது' என்று எழுதினாள். மத்தியானத்துக்குள், சாற்றில் அசைவு நின்ற முதல் தட்டை வெதுவெதுப்பான நீருக்கு மாற்றிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அரைமணியில் பதின்மூன்று நெளிந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்துவிட்டு, நிம்மதியாக அடுத்த தட்டை எடுத்தாள்.