வேலம்மாளின் கழுத்து

ஆஸ்பத்திரியில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். ஆமாம், கோபக்காரிதான். வேலம்மாளுக்கு அவள் வீட்டார் செய்ததைப் பார்த்துவிட்டுக் கோபம் வராதவள் நர்ஸ் வேலைக்கு லாயக்கில்லை.

1946, மாசி மாதம். கடலூர் முதுநகரை ஒட்டிய ஒரு குப்பத்திலிருந்து அவளைக் கூட்டி வந்தார்கள். முப்பது வயது இருக்கும். முன்கழுத்தில் மாங்காய் அளவுக்கு ஒரு கழலை. ஆறு வருஷமாக அதையும் சுமந்து, தலையில் மீன்கூடையையும் சுமந்து தெருத்தெருவாக விற்றிருக்கிறாள். வீட்டில் மந்திரித்தார்கள், பற்றுப் போட்டார்கள், வேறென்ன செய்தார்கள்? ஒன்றுமில்லை. படுத்தால் மூச்சடைக்கிறது, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாள் என்று ஆன பிறகுதான் மாமியார் குப்புவுக்கும் புருஷன் சடையப்பனுக்கும் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

"இனியும் விட்டுவைத்தால் மூச்சுக்குழலை நெரித்துவிடும். அறுத்தே ஆகவேண்டும்" என்றார் டாக்டர். பத்து நாள் பாலில் மருந்துச் சொட்டு கலந்து கொடுத்து, படபடவென்று அடித்த நாடியை இறக்கினோம். ஆபரேஷன் அன்று காலையில்தான் தகராறு. கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாதே, தாலியைக் கழற்றலாம் என்று கையை நீட்டினேன்.

"நர்ஸம்மா, ஒங்க கை படக்கூடாது" என்றாள் குப்பு.

என் பெயர் மங்கலம். சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் பிறந்து, பத்தொன்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்து, அண்ணன் வீட்டில் இடிசோறு தின்னப் பிடிக்காமல் நர்ஸ் படிப்புக்கு வந்தவள். என் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்துத்தான் குப்பு அப்படிச் சொன்னாள். கேட்டுப் பழகிய பேச்சுதான். ஆனாலும் சுருக்கென்றது.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். புருஷன் கடலில் இருக்கும்போது பெண்டாட்டியின் கழுத்தைவிட்டுத் தாலி இறங்கக் கூடாது. இறங்கினால் அவன் கரை திரும்ப மாட்டானாம். அதனால் சடையப்பன் அன்று கடலுக்குப் போகாமல் வந்து, தன் கையாலேயே கழற்றினான். சாயங்காலம் திரும்பக் கட்டிவிடலாம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்த இடம் ஆறப் பத்து நாளாகும், அதுவரை அதில் நூல்கூடப் படக் கூடாது என்று முன்னாலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இரண்டு நாள் தண்ணீர் விழுங்கவே தவித்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. மூன்றாம் நாள் காலை, என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்மிய குரலில், "தலவாணில தலய வச்சித் தூங்கினேன் நர்ஸம்மா" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குள் ஆஸ்பத்திரிக் கஞ்சி வந்தது. ஒரு வாய் விழுங்கிவிட்டு, "இத எங்க ஊட்டுப் பூனகூட மோந்து பாக்காது" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். பிழைத்துக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

வெளியே பூவரச மரத்தடியில் சடையப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெத்திலி அள்ளி அள்ளிப் படுகிற நாட்கள். கட்டுமரத்தில் அவனோடு போகிற மூன்று பேரும் அவனை ஏற்ற மறுத்துவிட்டார்களாம். வெறுங்கழுத்தாக இருப்பவளின் புருஷன் ஏறினால் தங்களுக்கும் ஆகாது என்று பயம்.

"எப்பத்தான் கட்டலாம்?" என்று வழிமறித்தாள் குப்பு.

"இன்னும் ஒரு வாரம் ஆகணும்."

"ஒரு வாரமா? எம்புள்ள கரையில குந்திக்கினு மணல எண்ணவா?"

"எண்ணட்டும். அவ கழுத்துதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அத்தோடு விட்டார்கள் என்று நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை கட்டு மாற்றப் போனபோது வேலம்மாளின் உடம்பு கொதித்தது. முகம் உப்பியிருந்தது. கட்டைப் பிரித்தேன். உள்ளே மஞ்சள் கயிறு, தையல் மேலேயே. மார்பு வரை தொங்கவிட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று, கட்டுக்குள் மறையும்படி கழுத்தோடு ஒட்டக் குட்டையாகக் கட்டியிருந்தார்கள். ராத்திரியில் கழுத்து வீங்கியிருந்தது. கயிறு சதைக்குள் பதிந்து, இரண்டு பக்கமும் சீழ் கோத்திருந்தது. மூச்சு மறுபடி விசிலடித்தது.

"யாருடி கட்டினது?"

"அவுருதான். நேத்து நாலு மணிக்கு, நீங்க அந்தாண்ட வார்டுக்குப் போனப்போ."

"நீ ஏன்டி கழுத்த நீட்டின?"

"அவுரு கடலுக்குப் போவணுமில்ல? எனக்கும் பயந்தான் நர்ஸம்மா."

"இப்ப எங்க அந்த மகராசன்?"

"விடியறப்பவே கட்டுமரம் ஏறிட்டாரு."

டாக்டர் ஓடி வந்தார். பார்த்தவர் என்னிடம், "உடனே அறு. இன்னும் வீங்கினால் மூச்சு நின்றுவிடும்" என்றார். கத்தரிக்கோலை எடுத்தேன். எங்கிருந்தோ குப்பு வந்து குறுக்கே பாய்ந்தாள்.

"எம்புள்ள நடுக்கடல்ல இருக்கான்! இப்ப அறுத்தீன்னா நீ கொலகாரிடி!"

எனக்கு வந்ததே ஆத்திரம்! வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "எங்க வீட்டுக்காரர் காலராவில கெடந்தப்போ எங் கழுத்துல தாலி இருந்திச்சு. ஒரு நிமிஷம்கூட கழட்டல. கண்ணுல ஒத்திக்கிட்டே ஒக்காந்திருந்தேன். போகலையா அவரு? நகரு!"

"அதான் ஒன் ராசி! அத்த எங்கிட்ட காட்டாத!" என்றாள் குப்பு.

அவள் கையைப் பிடித்துத் தள்ளினேன். பாவமோ புண்ணியமோ, தள்ளினேன். அப்போது வேலம்மாள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"கத்திரிய எங்கிட்ட குடுங்க. நான் அறுக்கறேன். பழி ஒங்க மேல வேணாம்."

நான் கயிற்றை விரலால் தூக்கிப் பிடித்தேன். அவள் கத்தரியை வைத்தாள். மூன்று தரம் தப்பியது. நாலாவது தரம் அறுந்தது. குப்பு மார்பில் அடித்துக்கொண்டு வராந்தாவில் போய் விழுந்தாள். டாக்டர் தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார். மூச்சு சீரானது.

அன்று பகல் முழுக்க நூற்றுமூன்று டிகிரிக் காய்ச்சலோடு, "மணி என்னா? மரமெல்லாம் கரைக்கி வந்திருக்குமா?" என்று ஓயாமல் கேட்டாள். மாத்திரையைக் கொடுத்தால் கையிலேயே வைத்திருந்தாள். "மொதல்ல முழுங்குடி" என்று அதட்டினேன். அவளைக் கொல்லப் பார்த்த கயிற்றுக்காக அவளே பயந்து சாகிறாளே என்று எனக்கு வயிறெரிந்தது.

நாலு மணிக்குச் சடையப்பன் வந்தான். கால் முழுக்க மணல். தலையில் உப்புத்தண்ணீர்கூடக் காயவில்லை. முழு ஆளாக, கல்லுக்குண்டு மாதிரி வந்து நின்றான். வேலம்மாள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பின்னாலேயே குப்புவும் வந்தாள்.

"நான் கடல்ல இருக்கறப்போ அறுத்துட்டியாமே!" என்று கத்தினான் அவன். "நான் செத்துப் போயிருந்தா என்னாடி பண்ணியிருப்ப?"

வேலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ கட்டுன கயித்துல நான் செத்துப் போயிருந்தா நீ என்னாய்யா பண்ணியிருப்ப?"

அவன் வாயைத் திறந்தான். குப்புதான் முந்திக்கொண்டாள். "ஆம்பளைக்கு என்னா? பொண்ணுக்கா பஞ்சம்? அடுத்த மாசமே வேற ஒருத்தியக் கட்டி வச்சிருப்பேன்."

சும்மா இரு ஆத்தா என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று நான் காத்திருந்தேன். வேலம்மாளும் அவன் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நர்ஸம்மா" என்றாள் வேலம்மாள். "பாக்கற நேரம் முடிஞ்சிபோச்சுன்னு இவுங்ககிட்ட சொல்லுங்க."

மணி நாலேகால். ஆறு மணி வரைக்கும் நேரம் இருந்தது. நான் போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டேன்.