மடியில் விரித்த சட்டை

கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் என் அக்கா வீட்டுக்காரர், ஏறுகிற சவாரிகளிடமெல்லாம் நான் தங்கம் வெட்டுவதாகச் சொல்லி வைத்திருந்தார். "எம் மச்சான் ஆஸ்திரேலியாவுல கீறாரு. அந்த ஊர்ல மண்ண நோண்டுனாலே தங்கம்." அதை அவர் போனில் என்னிடமே பெருமையாகச் சொன்னார். நான் இங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன் மாமா என்றேன்.

"அது தெரியும் மச்சான். ஆனா அத சொன்னா எவன் காது குடுத்து கேப்பான்?"

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. நான் போய்ச் சேர்ந்த ஊர், விக்டோரியா மாநிலத்தின் உட்பகுதியில், நூற்றைம்பது வருடங்களுக்கு முன் தங்கத்துக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்த இடம். தங்கம் தீர்ந்ததும் வந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். இரண்டு லாரிகள் ஒரே சமயத்தில் திரும்பும் அளவுக்கு அகலமான தெரு அப்படியே இருந்தது. அதில் ஆள் இல்லை. அரண்மனை மாதிரி ஒரு பழைய பாங்க் கட்டடம். உள்ளே பழந்துணிக் கடை. ஊர் எல்லை தாண்டிக் காட்டுக்குள் போனால் வெளிறிய மண்மேடுகள், கையால் வெட்டிய ஆழமான குழிகள், பார்த்து நடக்கச் சொல்லும் பலகைகள். அங்கே ஒரு முதியோர் இல்லத்துக்கு நர்ஸ் தேவைப்பட்டது. பெரிய நகரங்களில் இருக்கிறவர்கள் அந்த ஊருக்கு வரத் தயாராக இல்லை. அதனால்தான் எனக்கு விசா கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அஞ்சாவதோடு நின்றுவிட்டாள். தொண்ணூறுகளில் நான் திருப்போரூரில் ஹைஸ்கூல் படித்தபோது அவள் கேளம்பாக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். காலில் உப்புப் பட்டுப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். செங்கல்பட்டில் தங்கி நர்சிங் படித்தபோது, வெள்ளைச் சட்டை இரண்டு போதாது என்று மூன்றாவது சட்டைக்குத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தவளும் அவள்தான். அந்தச் சட்டையை நான் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகவில்லை. கழுத்துப்பட்டி நைந்துபோயிருந்தது. அக்கா வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அக்காவுக்கு அப்போது பெண் குழந்தை பிறந்து ஒரு வயது. எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள்: ஒன்று, மூன்று, ஐந்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அக்காவுக்கு நான் ஒருவன்தான் தம்பி. அந்த வருடம் மாமாவின் அப்பா இறந்துவிட்டதால் நல்ல காரியம் எதுவும் செய்யவில்லை. நான் விமானம் ஏறப் புறப்பட்ட அன்று, அக்கா குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"நல்லா ஒக்கார வெச்சி பாத்துக்கடா. மூணாவது வயசுல இதே மடி. இன்னா?"

"வந்துடுவேன்க்கா."

"ஆங், சொல்றப்போ எல்லாரும் இப்டிதான் சொல்றானுங்க," என்றாள் அக்காவின் மாமியார். அவர் எதையும் சிரிக்காமல்தான் சொல்வார்.

மூன்றாவது வயதில் என்னால் வர முடியவில்லை. அது உண்மை. அங்கேயே நிரந்தரமாகத் தங்க மனு போட்டிருந்தேன். முடிவு வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு விசா புரியவில்லை. எனக்கு ஏதோ சிக்கல் என்பது மட்டும் புரிந்தது. "சரி வுடு, அஞ்சாவது வயசுல குத்திக்கலாம்," என்றாள். அந்த இரண்டு வருடம் குழந்தை வெறுங்காதோடு பால்வாடிக்குப் போனது. மொட்டை அடித்து முடி வளராத நாட்களில், அடுத்த தெருப் பிள்ளைகள் அவளை 'டேய்' என்று கூப்பிட்டதாக மாமா போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "சிரிக்காதடா. தாய்மாமன் கீறானா இல்லியான்னு ஊர்ல கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது?" அது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் தினமும் அந்த வீட்டில் சோறு வடிக்கும் என் அக்கா.

ஐந்தாவது வயது வந்தபோது எனக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டது. மூன்று வாரம் லீவு கேட்டேன். கொடுத்தார்கள். திருப்போரூர் கோயிலில் நாள் குறித்தார்கள். மாமா ஆட்டோவின் பின்கண்ணாடியில் எழுதாத குறைதான். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, இல்லத்தின் மேலாளர் அம்மா என்னை அழைத்தார். பொறுப்பு நர்ஸ் இடம் காலியாகிறது, காது குத்தும் அதே வாரத்தில்தான் நேர்காணல் என்றார். போவதானால் போய் வா, தவறில்லை. ஆனால் இருந்தால் உனக்கு நல்லது. இவ்வளவுதான் சொன்னார். வற்புறுத்தவில்லை. நான் அன்று வேலை முடிந்து அந்த அகலமான தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். அங்கே வந்த வேற்று நாட்டு ஆட்களில் நான் ஒருவன். எத்தனை வருடம் கழிந்தாலும் எழுத்துப் பரீட்சைக்கு முதல்நாள் மாதிரியே ஒரு பயம் இருந்தது. இந்த இடத்தைப் பிடித்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்காவிடம், "லீவு குடுக்கலக்கா," என்றேன்.

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பின்னாளில் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு.

"அவனுங்க குடுக்கலன்னா நீ இன்னாடா பண்ணுவ? நாங்க எப்டியோ பாத்துக்கறோம். நீ வேளைக்கு துன்னு," என்றாள்.

காது குத்தியதைப் பிறகு அவளே சொன்னாள். பெட்டியிலிருந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்துத் துவைத்து, தன் மடியில் விரித்து, அதன்மேல் குழந்தையை உட்கார வைத்துக் குத்தினார்களாம். "நீயே புடிச்சிகினு இருந்த மாரிதான்டா இருந்துது. நல்லா முடிஞ்சிது." எனக்கு அதைக் கேட்டு மனம் லேசாகிவிட்டது. வெட்கத்தோடு எழுதுகிறேன்: லேசாகத்தான் ஆனது. பொறுப்பு நர்ஸ் இடமும் எனக்கே கிடைத்தது.

சில மாதம் கழித்து அக்கா ஒரு போட்டோ அனுப்பினாள். பள்ளிச் சீருடை, இரண்டு காதிலும் ஜிமிக்கி, தலையை வலப்பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டு என் அக்கா மகள். அதை இல்லத்தில் என் மேஜை மேல் வைத்தேன். மாத்திரை வாங்க வரும் பாட்டிமார்கள் எல்லோரும் அந்தச் சாய்வைத்தான் சொல்வார்கள்: என்ன ஒரு அழகாகத் தலையைச் சாய்க்கிறாள்! அடுத்த வருடம் வந்த போட்டோவிலும் அதே சாய்வு. எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன்.

அவளுக்கு ஏழு வயதானபோதுதான் ஊருக்கு வந்தேன். நான் வேலை பார்க்கும் ஊரில் சுற்றுலா வருபவர்களுக்காக ஓர் ஓடை வைத்திருக்கிறார்கள். தட்டு கொடுப்பார்கள், மணலை அள்ளி அலசிக்கொண்டே இருந்தால் ஒன்றிரண்டு தங்கத் துணுக்கு தங்கும். ஒரு விடுமுறை நாள் முழுக்கக் குனிந்து அலசி, நாலு துணுக்கு சேர்த்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொண்டுவந்திருந்தேன். அவளுக்குச் செய்யும் புது ஜிமிக்கியில் இதையும் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

வாசலில் மாமியார்தான் முதலில் பார்த்தார். "வா தம்பி. இந்த தபா ஆளே வந்துட்டியா? போன தபா சட்ட மட்டும்தான் வந்துது."

"அத்தே, சும்மா இரு," என்றாள் அக்கா.

"நான் இன்னா பொய்யா சொல்றேன்? உங்க பெரிப்பா மவன் மடிய குடுத்துகினு நின்னான். எந்தம்பி உசுரோட கீறப்போ இன்னொருத்தன் மடி எதுக்குன்னு நீதான் ஒரே அடம் புடிச்ச."

மறுநாள் காலை நானும் அக்காவும் குழந்தையும் திருப்போரூர் போனோம். காது குத்திய அதே பத்தர் கடை. அவர் குப்பியை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"தங்கம்தான். தும்மிடாதீங்க, பறந்துடும்," என்றார். "இதுக்கா தம்பி அவ்ளோ தூரம் போன?"

குழந்தை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. புது ஜிமிக்கிக்கு அளவு பார்க்க அவர் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையைப் பிடித்துத் தலையை நேராக நிமிர்த்தினார். அப்போதுதான் நான் கவனித்தேன். வலது காதில் ஓட்டை நடுவில் இருந்தது. இடது காதில் மடலின் ஓரத்துக்கு வெகு அருகில், கீழே. ஜிமிக்கியின் கனத்தில் அது இன்னும் நீண்டு, ஒரு நூல் சதையில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது ஜிமிக்கி வலதைவிட அரை விரற்கடை இறங்கி ஆடியது.

"இது எப்படி?" என்று கேட்டேன்.

"எப்படின்னா? வலது காது சுளுவா வுழுந்துது. எடது காதுக்கு வரப்போ புள்ள தலய திருப்பிடிச்சி. மடி குடுக்கறது இன்னாத்துக்கு தம்பி? சீரு வைக்கறதுக்கு மட்டுமா? தலய கெட்டியா புடிக்கறதுக்கு. பெத்தவளுக்கு அந்த தெம்பு வராது. உங்கக்கா கண்ண மூடிகிச்சி. சட்ட இன்னா பண்ணும், பாவம்? அதுக்கு கை கீது, புடிக்கத் தெரியாது."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ரெண்டு பக்கமும் யாருக்குதான் ஒண்ணா இருக்குது," என்றாள்.

மறுபடி குத்த முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். ஜிமிக்கியைக் கழற்றிவிட்டு ஆறு மாதம் விட்டால் சதை தூர்ந்துவிடும். அதற்கப்புறம் மேலே குத்தலாம். "அப்போவாச்சும் மாமன் மடி கெடைக்குமா?"

எனக்கு மூன்று வாரம்தான் லீவு. ஆறு மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த வாயால் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

குழந்தை ஸ்டூலில் இருந்து இறங்கினாள். "மறுக்கா எல்லாம் வோணாம். வலிக்கும்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கோபமாக இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். "அப்போ நீ லீவு கேட்டியா மாமா?"

"கேட்டேன்."

"குடுத்தாங்களா?"

பத்தர் துணுக்குகளைப் பொட்டலத்தில் மடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அக்கா பேசிவிட்டாள்.

"இன்னாடி கேள்வி இது? குடுத்திருந்தா உங்க மாமா வராமயா இருந்திருப்பான்? அந்த பாவிங்க குடுக்கல."

அவள் குரலில் என்மேல் துளி சந்தேகம் இல்லை. இரண்டு வருடமாக, அந்த வீட்டில் மாமியார் கேட்கும்போதெல்லாம் அவள் இதையே இப்படியே சொல்லியிருப்பாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்கிற மாதிரி. அந்த ஒரு அசைவோடு அந்தப் பொய் மறுபடி என்னுடையதானது. இந்தமுறை போனில் இல்லை, நேருக்கு நேர்.

புது ஜிமிக்கி நான் கிளம்புவதற்கு முதல்நாள் தயாரானது. நானே போட்டுவிட்டேன். இடது காதுக்குத் திருகு பூட்டும்போது, அந்த நூல் சதையை இரண்டு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் தன் அப்பாவின் ஆட்டோக் கண்ணாடிக்கு ஓடினாள். நேராக நின்று பார்த்தாள். பிறகு தலையை மெதுவாக வலப்பக்கம் சாய்த்து, இரண்டு ஜிமிக்கியும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை சாய்த்து, அப்புறம்தான் சிரித்தாள்.

அந்தப் போட்டோக்களை நான் இப்போது மேஜையில் வைப்பதில்லை.